ஈரத்தலையோடு வந்தவன்

அத்தியாயம் 7

புதன்கிழமை காலை காஜியார் தீர்ப்புச் சொன்னபோது நெசவாளி நிகூலாவின் தலையில் இருந்தது கறுப்புத் தலைப்பாகை. வியாழக்கிழமை காலை அதே தலையில் வெள்ளைத் தலைப்பாகை.

"ஒரே ராத்திரியில இப்படி வெளுத்துருச்சே! என்ன சவுக்காரம் போட்டான்னு கேட்டுச் சொல்லுங்க வாத்தியாரே, எங்க வீட்டுக்கும் வாங்கணும்" என்று ஷுக்ரி காதோரம் முணுமுணுத்தான்.

"வாயை மூடு" என்றார் வஹ்பி.

அலெப்போ காஜி கோர்ட்டில் இருபத்திரண்டு வருடமாக அமீனா வேலை பார்ப்பவர் வஹ்பி. சம்மன் கொடுப்பது, ஆளைப் பிடித்து வருவது, காஜியாருக்குச் சந்தேகம் வந்தால் மோப்பம் பிடிப்பது எல்லாம் அவர் தலையில்தான். ஷுக்ரி அவருடைய எடுபிடி. கிறிஸ்தவன். ஜுதைதா வட்டாரத்துக் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்கள் கட்டுகிற வெள்ளைத் தலைப்பாகையைக் கண்டால் ஊமையாகிவிடுவார்கள் என்பதால், அவர்கள் வாயைக் கிண்டுவதற்கென்றே வஹ்பி அவனை வைத்திருந்தார். ஜுதைதாவில் ஷுக்ரியின் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது. ஆனால் ஒரு முஸ்லிமுக்கு எதிரான வழக்கில் அந்தக் கண் பார்த்தது செல்லாக்காசு. அதற்கும் அவனிடம் ஒரு ஜோக் இருந்தது. எதற்குத்தான் இல்லை?

வழக்கு நிகூலாவின் மனைவி வர்தா போட்டது. சாராயம் உள்ளே போனால் நிகூலாவின் கை சும்மா இருக்காது. போன மாதம் அவளுடைய இடது கையை முறித்தான். முறித்ததோடு நிற்காமல், முற்றத்தில் நாலு அண்டை வீட்டுக்காரர்கள் பார்க்க, 'தலாக், தலாக், தலாக்' என்று மூன்று தரம் கத்தினான். கோபம் வந்தால் கிறிஸ்தவனும் அந்த வார்த்தையைக் கடன் வாங்குகிற ஊர் அது. பிஷப் வீட்டுக்குப் போனாள் வர்தா. நம் வேதத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது, புருஷனிடம் திரும்பிப் போ என்று அனுப்பிவிட்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காஜியாரிடம் வந்தாள். என் வாசலுக்கு வந்தால் என் புத்தகப்படிதான் தீர்ப்பு என்றார் அவர். சரி என்றாள். நாலு அண்டை வீட்டுக்காரர்களும் ஈசாவுக்கு, அதாவது இயேசுவுக்கு, இன்ஜீல் வேதத்தை இறக்கிய ஆண்டவன் மேல் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள். தலாக் செல்லும், அஞ்சு வயதுப் பையன் ஏழு வயது வரை தாயிடம் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

அது நேற்று. இன்று நிகூலா கோர்ட்டு நடுவில் நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பேசினான்.

"ஹஜ்ரத், நான் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே கலிமா சொல்லி முஸ்லிமாயிட்டேன். என் பேரு இப்ப ஹிதாயத். நேத்து எனக்கு எதிரா சாட்சி சொன்ன நாலு பேரும் கிறிஸ்தவங்க. முஸ்லிமுக்கு எதிரா அவங்க சாட்சி செல்லாதே! தீர்ப்பை ரத்து பண்ணி, என் சம்சாரத்தை என்கூட அனுப்பி வைங்க."

"நேத்து இங்கதானே நின்னே? ஏன் வாயைத் திறக்கல?" என்றார் காஜியார்.

"எங்க சனங்களுக்குப் பயந்தேன், ஹஜ்ரத்."

அவனுக்குப் பின்னால் சின்னப் பள்ளிவாசல் இமாம் ஷேக் ரஜபும் பாங்கு சொல்லும் மோதினாரும் நின்றார்கள். செவ்வாய்க்கிழமை மாலைத் தொழுகை முடிந்ததும் எங்கள் முன்னால்தான் கலிமா சொன்னான் என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

காஜியார் தாடியை உருவிக்கொண்டார். இஸ்தான்புல்லிலிருந்து ஒரு வருடத்துக்கென்று வந்தவர். ஊர்ப் பகை எதுவும் அவருக்குக் கிடையாது. அதனாலேயே ஊரில் எல்லோருக்கும் அவர் மேல் கொஞ்சம் பயம்.

"ரெண்டு முஸ்லிம் சொல்றாங்க. எனக்குப் பிடிக்கலைங்கிறதுக்காக அதைத் தள்ள முடியாது" என்றார். பிறகு வஹ்பியைப் பார்த்தார். "சனிக்கிழமை காலை வரைக்கும் தவணை."

வாசலில் வர்தா முக்காட்டுக்குள்ளிருந்து ஷுக்ரியைப் பார்த்தாள். உடைந்த கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தாள். நல்ல கையில் பையன் இல்யாஸ்.

"ஷுக்ரி அண்ணே, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனா இந்தத் தடவை கையோட விடமாட்டான்."

"போகவிட்டாத்தானே! எங்க வாத்தியார் மோந்து பார்த்தாருன்னா மூணு நாள் முன்னாடி தின்ன வெங்காயம் கூடத் தப்பாது" என்றான் ஷுக்ரி. அவள் லேசாகச் சிரித்தாள். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

*

ஷேக் ரஜப் பள்ளிவாசல் முற்றத்தில் புறாக்களுக்குத் தானியம் போட்டுக்கொண்டிருந்தார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. துப்பறிகிறவனுக்கு இப்படிப்பட்ட முகங்கள்தான் பெரிய தொல்லை.

"ஹஜ்ரத், பெரிய நன்மை தேடிக்கிட்டீங்க. எப்படி நடந்துச்சு, நானும் கேட்டு சந்தோஷப்படுறேனே" என்றார் வஹ்பி, சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி.

"அல்லாவோட நாட்டம்! தொழுகை முடிஞ்சு திரும்பினா, வாசல்ல நிக்கிறான். குளிச்சு சுத்தமா, ஈரத்தலையோட. சொட்டுச் சொட்டுன்னு தண்ணி. குளிருக்கு நடுங்கினான், பாவம். என் துண்டைக் கொடுத்துத் துவட்டச் சொன்னேன்."

"எங்க குளிச்சானாம்?"

"ஜுதைதா ஹம்மாம்ல. அங்கிருந்து நேரா வர்றேன்னான்."

"செவ்வாய்க்கிழமைதானே?"

இமாமின் கை தானியத்துக்குள் ஒரு கணம் நின்றது. "ஆமா. செவ்வாய்க்கிழமை."

வெளியே வந்ததும் ஷுக்ரி சலித்துக்கொண்டான். "பொய் சொல்றவர் துண்டைப் பத்தியெல்லாம் சொல்வாரா வாத்தியாரே? கேசு அம்போ. பசிக்குது. இந்த வாரமே எனக்கு ராசியில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி கூட வெறும் ரொட்டியும் வெங்காயமும்தான்."

"ஏன், உன் பொண்டாட்டி விரட்டிட்டாளா?"

"அவ வீட்ல இருந்தாத்தானே விரட்டுறதுக்கு! நகைக்கடை மிக்காயேல் மகளுக்குக் கல்யாணம். மணப்பொண்ணு குளியலுக்கு ஹம்மாமையே வாடகைக்கு எடுத்துட்டாங்க. ஜுதைதாவுல ஒரு பொம்பளை வீட்ல இல்லை. மத்தியானம் போனவ, விளக்கு வச்சு எவ்வளவோ நேரம் கழிச்சு, காலு கையெல்லாம் மருதாணி பூசிக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு வர்றா. நான் வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டு அழுதுட்டிருக்கேன்."

வஹ்பி நின்றுவிட்டார். பின்னால் வந்த கழுதைக்காரன் திட்டினான். அது அவர் காதில் விழவில்லை.

"எந்த ஹம்மாம்?"

"ஜுதைதாவுல எத்தனை ஹம்மாம் இருக்கு? ஒண்ணே ஒண்..." ஷுக்ரியின் வாய் திறந்தபடி நின்றது. "ஐயையோ வாத்தியாரே!"

"அந்த இமாம் ஈரத்தலையைப் பார்த்தது நிஜம். துண்டு கொடுத்ததும் நிஜம். கிழமையை மட்டும்தான் மாத்திச் சொல்றார்" என்றார் வஹ்பி. "முழுப் பொய்யாச் சொல்லியிருந்தா நான் மண்ணைக் கவ்வியிருப்பேன். நல்ல மனுஷன், அதான் மாட்டிக்கிட்டார்."

"அந்த நிகூலாப் பயலுக்கும் தெரியலையா?"

"உனக்கே வெங்காயம் கடிச்சதுனாலதான் தெரியும். வாசல்ல துண்டு தொங்கினா பொம்பளைங்க உள்ள இருக்காங்கன்னு அர்த்தம், ஆம்பளை அந்தப் பக்கமே திரும்ப மாட்டான். செவ்வாய்க்கிழமை அவன் சாராயக்கடையில கிடந்திருப்பான். அவன் பொண்டாட்டியும் அவன்கூட இல்லை. யார் சொல்வா அவனுக்கு?"

"வாத்தியாரே, இருநூறு பொம்பளைங்க உள்ள இருந்தாங்க! இருநூறு சாட்சி!"

"இருநூறும் கிறிஸ்தவப் பொம்பளைங்க."

ஷுக்ரி வானத்தைப் பார்த்தான். "அப்ப இருநூறு சைபர்."

*

ஹம்மாம் நடத்துகிற புர்ஹானுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமையா? வழக்கம் போலத்தான் அமீனா. மத்தியானம் பொம்பளைங்க, பொழுது சாஞ்சா ஆம்பளைங்க."

"அப்படியா? பொழுது சாஞ்சப்புறம் எந்த ஆம்பளை மருதாணி பூசிக்கிட்டான்? தரையில இன்னும் கறை போகலையே" என்றான் ஷுக்ரி குனிந்து பார்த்து.

புர்ஹானின் கழுத்து சிவந்தது. இருட்டியபிறகு பெண்களை உள்ளே வைத்திருந்தது தெரிந்தால் சந்தை அதிகாரி கடையையே பூட்டிவிடுவார்.

"நான் சந்தை அதிகாரியோட ஆள் இல்லை. நீ ஹம்மாமைத் திறந்து வச்சா எனக்கென்ன, மூடி வச்சா எனக்கென்ன" என்றார் வஹ்பி. "ஒரு பொம்பளையோட உயிர் என் கையில இருக்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு ஆம்பளையாவது உள்ள வந்தானா? அதை மட்டும் சொல்லு."

புர்ஹான் சோப்புக் கட்டிகளை அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான்.

"ஒரு ஆம்பளை ஈ கூட வரல. மணப்பொண்ணோட அத்தை வாசல்லயே உட்கார்ந்திருந்தா. அந்தம்மாவைத் தாண்டி சுல்தானே வந்திருந்தாலும் வெளியதான் நின்னிருக்கணும்."

"நெசவாளி நிகூலா?"

"அவன் வந்தது நேத்து சாயங்காலம். புதன்கிழமை. ஒரு முழுக் கட்டி சோப்பைத் தேய்ச்சே கரைச்சுட்டான். என்னடா, மூணு வருஷ அழுக்கா இன்னைக்கு ஒரே நாள்ல போகுதுன்னு கேட்டேன். பதில் பேசாம போயிட்டான். அடுப்பெரிக்கிற ஆளும் பார்த்தான்."

"அவனும் முஸ்லிம்தானே?"

"ஹஜ்ஜுக்கே போயிட்டு வந்தவன் அவன், வாத்தியாரே!" என்றான் ஷுக்ரி கையைத் தட்டி. "ரெண்டு வாய் கிடைச்சாச்சு!"

*

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும் வஹ்பி மறுபடி இமாம் முன்னால் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. ஹம்மாம் வாசலில் தொங்கிய துண்டைப் பற்றி மட்டும் சொன்னார். ஷேக் ரஜபின் முகம் சுருங்கிப்போனது.

"ஒரே ஒரு நாள் ஹஜ்ரத்னு கெஞ்சினான். ஒரு நாள் முன்னாடின்னு சொன்னா குடும்பம் பிரியாதுன்னான். குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறது புண்ணியம்னு நினைச்சேன். மோதினாரையும் நான்தான் சொல்ல வச்சேன்."

"அவ கையை முறிச்சவன்னு தெரியுமா உங்களுக்கு?"

"கையா?" கிழவர் விழித்தார். "கையைப் பத்தி அவன் சொல்லவே இல்லையே."

அவர் அழுதார். ஷுக்ரிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவனுக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

"அழாதீங்க ஹஜ்ரத். நாளைக்குக் காஜியார்கிட்ட இதை அப்படியே சொல்லிடுங்க. அந்த நிகூலாவுக்குத் தலையில களிமண்தான். இந்த யோசனை எப்படி முளைச்சுதுன்னுதான் எனக்குப் புரியல."

இமாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அமீனாவோட ஆளே சொன்னார்னு சொன்னானே! கோர்ட்டு ஆளு சொன்னா சட்டத்துக்குப் பொருத்தமாத்தானே இருக்கும்னு நானும் நம்பினேன். காப்பிக்கடையில வச்சு சொன்னாராம். நீங்க இல்லையா அது?"

புறாக்கள் ஒரே சமயத்தில் எழும்பி மறுபடி உட்கார்ந்தன.

புதன்கிழமை தீர்ப்பான பிறகு அவன் நேராகக் காப்பிக்கடைக்குத்தான் போனான். ஒரு மூலையில் நிகூலா கோப்பையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடை நிறையக் கூட்டம். இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்தால் ஷுக்ரியின் நாக்கு அவன் பேச்சைக் கேட்காது. 'என்ன நிகூலா, மூஞ்சி தொங்குது? ஒரு நாள் லேட்டாயிட்டியேப்பா! நேத்தே ஒரு வெள்ளைத் தலைப்பாகை வாங்கிக் கட்டியிருந்தா, அந்த நாலு பேர் சாட்சியும் நாலு கழுதை கத்தின மாதிரி போயிருக்கும். ரெண்டு முழம் துணியில கேசு முடிஞ்சிருக்கும்!' கடையே குலுங்கிச் சிரித்தது. நிகூலா மட்டும் சிரிக்கவில்லை. ரசிக்கத் தெரியாதவன் என்று ஷுக்ரி நினைத்துக்கொண்டான். அதோடு மறந்தும் போனான். ஒரு நாளைக்கு ஐம்பது ஜோக் சொல்கிறவன் எதை ஞாபகம் வைத்துக்கொள்வான்?

பள்ளிவாசலை விட்டு இறங்கும்போது வஹ்பி அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"நீதானா?"

"நான்தான்."

"நரம்பில்லாத நாக்குடா உனக்கு" என்றார். ஒரு அறை விட்டிருந்தால் தேவலை போலிருந்தது ஷுக்ரிக்கு.

"ஆனா ஜெயிச்சுட்டோம்ல வாத்தியாரே? நாளைக்கு அவர் சாட்சியை வாபஸ் வாங்கினா புதன்கிழமைத் தீர்ப்பு அப்படியே நிக்கும்ல?"

வஹ்பி நடந்துகொண்டே இருந்தார்.

"தீர்ப்பு நிக்கும்" என்றார் கடைசியில். "பையன்தான்டா நிக்க மாட்டான்."

*

சனிக்கிழமை எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது. இமாம் உண்மையைச் சொன்னார். புர்ஹானும் அடுப்புக்காரனும் சொன்னார்கள். காஜியார் இமாமை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கிழவர் ஒரு சாண் குறைந்துபோனார். நிகூலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சாட்சி சொன்ன நேரத்துல இவன் கிறிஸ்தவன்தான். அதனால சாட்சி செல்லும், தலாக்கும் செல்லும். இந்தப் பெண் மேல இவனுக்கு எந்த உரிமையும் கிடையாது. இவ வாசலை மிதிச்சா பிரம்படி" என்றார் காஜியார்.

வர்தா நல்ல கையால் நெஞ்சைத் தொட்டுக்கொண்டாள். காஜியார் இன்னும் முடிக்கவில்லை. நிகூலாவிடம் திரும்பினார்.

"புதன்கிழமை சாயங்காலம் நீ கலிமா சொன்னது நிஜம்தானே?"

"நிஜம், ஹஜ்ரத்."

"மனசார?"

"மனசார."

"அதை யாரும் அழிக்க முடியாது. நானும் அழிக்க மாட்டேன்." பிறகு வர்தாவைப் பார்த்து, சத்தம் குறைத்துச் சொன்னார். "அம்மா, தகப்பன் முஸ்லிமானா சின்னப் பிள்ளையும் முஸ்லிம். உன் பிள்ளை உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா மாதா கோயிலுக்குக் கூட்டிப் போகக் கூடாது. உங்க ஜெபம் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அது அவன் வாயில வந்ததுன்னு ரெண்டு பேர் சாட்சி சொன்னா, ஏழு வயசு வரைக்கும் காத்திருக்க மாட்டேன். அன்னைக்கே தகப்பன்கிட்டப் போயிடும்."

"பேரு?" என்று கேட்டார் எழுத்தர், பேனாவை மையில் தொட்டுக்கொண்டு.

"இல்யாஸ்" என்றார் வஹ்பி.

"நம்மள்லயும் இருக்கிற பேருதான். மாத்த வேண்டியதில்லை" என்று எழுத்தர் எழுதிக்கொண்டார்.

நிகூலா தலையை நிமிர்த்தினான். மனைவி போனாலும் கயிறு அவன் கையில்தான் இருக்கிறது என்பது அந்தக் களிமண் தலைக்கும் அப்போது புரிந்துவிட்டது.

*

வர்தா தன் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். அங்கே போவதற்கு மாதா கோயில் தெருவை விட்டால் வேறு வழி கிடையாது. வஹ்பியும் ஷுக்ரியும் துணைக்கு வந்தார்கள்.

கோயில் வாசல் வந்தது. இல்யாஸ், பழக்கதோஷத்தில், சிலுவை அடையாளம் போட வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோனான்.

பளீரென்று அந்தக் கையில் அடி விழுந்தது. வர்தாதான் அடித்தாள். பையன் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான். அந்தக் கையை அப்படிக் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அப்புறம் பெரிதாக அழ ஆரம்பித்தான். அவள் தெருவிலேயே உட்கார்ந்து ஒற்றைக் கையால் அவனை இறுக்கிக்கொண்டாள்.

"புதன்கிழமை சாயங்காலம்தானே அவன் கலிமா சொன்னது?" என்றாள் ஷுக்ரியிடம். "அந்த நேரம் நாங்க இங்கதான் இருந்தோம் அண்ணே. கேசு ஜெயிச்சதுக்கு மெழுகுவத்தி ஏத்த வந்தோம். நான் தூக்கிப் பிடிச்சேன், இவன்தான் ஏத்தினான். ஏத்தும்போது என் பிள்ளையா இருந்தவன், அது உருகி முடியறதுக்குள்ள இல்லாம போயிட்டானா?"

வர்தா முக்காட்டு நுனியால் பையனின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அந்தக் குடிகாரனுக்கு இவ்வளவு புத்தி கிடையாது. எவனோ சொல்லிக் கொடுத்திருக்கான். நீங்க எல்லாத்தையும் கண்டுபிடிச்சீங்களே, அது யாருன்னு கண்டுபிடிக்கலையா?"

ஷுக்ரி வஹ்பியைப் பார்த்தான். வஹ்பி எதிர்ச் சுவரைப் பார்த்தார். இந்தச் சம்மனை நீயே கொண்டுபோய்க் கொடு என்பது போல இருந்தது அது.

"நான்தான் வர்தா" என்றான். "காப்பிக்கடையில நான்தான் அவனுக்குச் சொன்னேன். எல்லாரும் சிரிக்கட்டும்னு சொன்னேன்."

அவள் ஈரக் கண்ணோடு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தலையை அசைத்தாள்.

"உங்களுக்கு எதுலதான் விளையாட்டு இல்லை? நீங்க மட்டும் அந்த ஹம்மாம் விஷயத்தைப் பிடிக்கலேன்னா இந்நேரம் நான் அவன் வீட்ல செத்துக் கிடப்பேன். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன் அண்ணே, இன்னைக்கு ஒரு நாளாவது கிண்டல் பண்ணாதீங்க."

பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் நடந்தாள்.

"நிஜமாத்தான் வர்தா!" என்று ஷுக்ரி பின்னாலிருந்து கத்தினான். "சத்தியமா நான்தான்!"

அவள் திரும்பவில்லை. எதிர்வீட்டு வாசலில் பிஸ்தா உரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஷுக்ரியின் குரலைக் கேட்டு நிமிர்ந்தார். என்ன விஷயம் என்று தெரியாமலே சிரிக்க ஆரம்பித்தார்.